அது உன்பாடு

2017 ஜூன் மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் சின்னம்மாவின் மகள் திருகோணமலை பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மூன்று கொப்பிகள், இறப்பர் பட்டி போட்டுக் கட்டியபடி இருந்தன. மேலே இருந்த கொப்பியின் மூலை வியர்வையில் ஊறிச் சுருண்டிருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அந்த இறப்பர் பட்டியைப் பெருவிரலால் இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

விஷயம் முன்பே என் காதில் விழுந்திருந்தது. கணவனின் படகு இயந்திரத்துக்காகக் கிழமை லோன் எடுத்தாள். அதைக் கட்ட இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் கட்ட மூன்றாவது. அதோடு நில்லாமல் சின்னம்மாவின் சங்கிலியையும் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டாள். அது எங்கள் அம்மம்மா போட்டிருந்த சங்கிலி. என் தங்கைக்கும் அதில் உரிமை உண்டு என்று வீட்டில் நெடுநாள் பேச்சு இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளுடைய கடனைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இருக்கவில்லை. சங்கிலிதான் நெஞ்சில் நின்றது.

"அண்ணா, நான் பிழை விட்டுவிட்டேன்" என்று தொடங்கினாள்.

மேலே பேச நான் விடவில்லை. "கையெழுத்து வைக்கும்போது என்னிடம் கேட்டாயா? சங்கிலியைக் கொண்டுபோகும்போது கேட்டாயா? இனி அது உன்பாடு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள் என்று சொல்லி, ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. "அவள் வாய் வைக்கவே இல்லை" என்றாள் மனைவி. வேறொன்றும் சொல்லவில்லை.

செப்டெம்பரில் அவள் குவைத்துக்குப் போய்விட்டாள், வீட்டு வேலைக்கு. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அப்போது கொடுக்க வேண்டியிருந்த குடும்பப் பின்னணி அறிக்கைக்காகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சின்னம்மா ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பிள்ளைகளும் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓய்வுநாள் பாடசாலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சின்னவளின் பின்னல் கோணலாக இருந்தது. சின்னம்மாவுக்குக் கண்பார்வை குறைவு.

அப்போதும் நான் என்னை நொந்துகொள்ளவில்லை. "எத்தனையோ தாய்மார் போகிறார்கள்" என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2018 மார்ச் 30, பெரிய வெள்ளி. எங்கள் சபையில் அன்று இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றைச் சிலர் பங்குபோட்டு வாசிப்போம். எனக்கு மத்தேயு 27 ஆம் அதிகாரத்தின் தொடக்கம் தரப்பட்டிருந்தது. வீட்டில் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. தெரிந்த பகுதிதானே என்ற எண்ணம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசை ஆலயத்து ஆசாரியர்களிடம் திருப்பிக் கொண்டுவருகிறான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்கிறான். அடுத்த வரியை வாசித்தேன்: "அதற்கு அவர்கள்: எங்களுக்கென்ன, அது உன்பாடு என்றார்கள்."

என் குரலில், என் வாயால், அதே சொல். ஒலிபெருக்கி அதைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பி எனக்கே தந்தது. மூன்றாவது வாங்கில் சின்னம்மா அந்தப் பிள்ளைகளோடு இருந்தார். அதற்குமேல் எப்படி வாசித்து முடித்தேன் என்பது நினைவில் இல்லை.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல். சொல்லிவிட்டு மறந்தும்போகிறோம்.

'பாடு' எனக்கு மீன் வாசனையோடு வந்த சொல். அப்பா சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லிக் கரையில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது வலைச் சொந்தக்காரரிடம், கரைவலை இழுத்தவர். அவர் கரையிலிருந்த மீன்வாடியிலிருந்து வீடு திரும்பியதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்குப் பாடு எப்படி?" மீன்பாடு, அதாவது பிடிபட்டது. சாளையும் கீரியும் நெத்தலியும் மடி நிறைய வந்தால் நல்ல பாடு. வலை வளைப்பதற்கென்று கரையில் வகுத்துக் கொடுத்த துண்டுக்கும் பாடு என்றுதான் பெயர், கரைவலைப் பாடு. இன்னொருவர் பாட்டில் வலை விட்டால் பெரிய சண்டை வரும். பிறகு, அப்பாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்புகளைத் தேங்காய் எண்ணெய் பூசித் தடவும்போது அம்மா சொல்லுவார், "என்ன பாடு படுகிறது இந்த மனிசன்." இடம், விளைச்சல், வருத்தம் என்று மூன்றும் ஒரே சொல்லில் எங்கள் வீட்டுக்குள் நடமாடின.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. கெடு என்பது கேடு ஆவதுபோல, பெறு என்பது பேறு ஆவதுபோல, படு என்பதுதான் நீண்டு பாடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனனம் செய்தோம். மீனும் வலையில் படுகிறது, மனிதனும் துன்பப்படுகிறான். ஒருவனுக்கு வந்து வாய்ப்பது, அவன்மேல் வந்து விழுவது, அவன் தாங்குவது எல்லாம் பாடு. வயிற்றுப்பாடு, அன்றாடப்பாடு, படாத பாடு எல்லாம் அதன் வழியில் வந்தவை. பாடுபட்டு உழைப்பவன் பாட்டாளி. "அவன் தன்பாட்டில் இருக்கிறான்" என்றால் யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கிறான். வேதாகமத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வருந்தியவளைப் "பெரும்பாடுள்ள ஸ்திரீ" என்கிறார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டபோது, பெரிய கஷ்டம் உள்ள பெண் என்று நினைத்திருந்தேன். நோயின் பெயர் என்று தெரிந்த பிறகும் அந்தப் பழைய பொருள் பிழையாகத் தோன்றவில்லை.

'உன்பாடு' என்று சொல்லும்போது மட்டும் இந்தச் சொல் குரலுக்கு ஏற்ப மாறுகிறது. வியாபாரி சொல்கிறார்: "விலை இதுதான், எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு." அதில் குறை இல்லை, மரியாதைகூட உண்டு. தீர்மானம் உங்களுடையது என்கிறார். மகன் வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று கேட்கும்போது தகப்பன், "நன்மை தீமை சொல்லிவிட்டேன், இனி உன்பாடு" என்கிறார். அதுவும் நல்ல சொல்தான், வளர்ந்த பிள்ளையை வளர்ந்தவனாக நடத்துகிற சொல். இரண்டிலும் காரியம் இன்னும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காரியம் நடந்து முடிந்து, ஒருவர் தோற்றுப்போய் வாசலில் வந்து நிற்கும்போது அதே சொல்லைச் சொன்னால் கதவை அடைக்கிறோம் என்று பொருள். காரியத்துக்கு முன்னால் சொல்லும் 'உன்பாடு' சுதந்திரம் தருகிறது, பின்னால் சொன்னால் கைவிடுகிறது. நான் பின்னால் சொன்னவன். ஆசாரியர்களும் பின்னால்தான் சொன்னார்கள்.

அந்தப் பெரிய வெள்ளி இரவு மத்தேயு 27 ஐ மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அறுபதை நெருங்கும்வரை அந்தப் பகுதியை யூதாஸின் முடிவைச் சொல்கிற கதையாகத்தான் வாசித்திருந்தேன். அன்று ஆசாரியர்களைப் பார்த்தேன். பாவஞ்செய்தேன் என்று ஒருவன் வந்து சொன்னால் அவனை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய தொழில். லேவியராகமத்தில் அதற்கு முறையே இருக்கிறது: பாவஞ்செய்தவன் அறிக்கையிட வேண்டும், பலி கொண்டுவர வேண்டும், ஆசாரியன் அவனுக்காக நிவிர்த்தி செய்ய வேண்டும். யூதாஸ் சரியான வாசலுக்குத்தான் வந்தான். அந்த வாசலில் இருந்தவர்கள் "எங்களுக்கென்ன" என்றார்கள்.

அதற்கு அடுத்தது என்னை இன்னும் தைத்தது. அவன் எறிந்துவிட்டுப் போன காசை அவர்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது என்கிறார்கள். கூடி ஆலோசனை செய்கிறார்கள். அந்நியரை அடக்கம்பண்ணக் குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள். முப்பது காசுக்கு என்ன செய்வது என்று அவ்வளவு கவனமாக யோசித்தவர்கள், அதைக் கொண்டுவந்த மனிதனைப் பற்றி ஒரு நொடி யோசிக்கவில்லை. நான் சங்கிலியை யோசித்தேன்.

இன்னும் இருபது வசனம் தள்ளி ரோமத் தேசாதிபதி பிலாத்து வருகிறான். தண்ணீரை அள்ளிக் கைகளைக் கழுவி, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். கிரேக்க மூலத்தில் ஆசாரியர்கள் யூதாஸுக்குச் சொன்னதும் பிலாத்து ஜனங்களுக்குச் சொன்னதும் ஒரே வினைச்சொல்தான், 'பார்' என்பதன் வடிவம். நம்முடைய பழைய திருப்புதலில் ஓரிடத்தில் 'உன்பாடு' என்றும் மற்ற இடத்தில் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்றும் வந்திருக்கிறது. இரண்டுமே தமிழன் கதவை அடைக்கும்போது சொல்கிற சொற்கள். மொழிபெயர்த்தவர்களுக்கு நம்மை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதே இரவில் ஏசாயா 53 ஐயும் திறந்தேன். பெரிய வெள்ளியில் எல்லோரும் வாசிக்கிற பகுதி. நாலாம் வசனம்: "மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு, நம்முடைய துக்கங்களைச் சுமந்தார்." எத்தனை வருடமாகக் கேட்ட வசனம்! 'பாடுகள்' என்றதும் அது சபைக்குரிய சொல், முள்முடியும் ஆணியும் பற்றிய சொல் என்று மனம் ஒதுக்கிவிடும். அன்று இரவு மத்தேயுவும் ஏசாயாவும் ஒரே மேசையில் திறந்து கிடந்தபோது, அது அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே சொன்ன பாடாகத் தெரிந்தது. ஒரு மனிதனைப் பார்த்து ஆசாரியர்கள் 'உன்பாடு' என்று சொன்ன அதே காலையில், அவர்கள் கட்டிக் கொண்டுபோன மற்றொருவர் 'உங்கள் பாடு' என்று ஒருவரையும் பார்த்துச் சொல்லாமல் எல்லாப் பாட்டையும் தம்முடைய தோளில் வாங்கிக்கொண்டு போகிறார். யூதாஸ் அவரிடம் திரும்பிப் போயிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரைக் காட்டிக்கொடுக்க வந்த இரவிலும் அவனைச் "சிநேகிதனே" என்றுதான் அழைத்தார்.

மறுநாள் காலை சின்னம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போய், அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. சின்னம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். "அவளோடு பேச வேண்டும்" என்றேன். ஒன்றும் கேட்காமல் பேரனைக் கூப்பிட்டு, தொலைபேசியை எடுத்து இமோவில் எடுத்துத் தரச் சொன்னார்.

திரையில் அவள் முகம் மெலிந்திருந்தது. பின்னால் ஒரு சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, காசு தருவீர்கள் என்று நான் வரவில்லை. கணக்கைப் பார்த்துச் சொல்லுவீர்கள் என்றுதான் வந்தேன். எந்தக் கொப்பியை முதலில் முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதினவன். கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். அவள் சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறாள்.

2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்தபோது இதே பெண்ணையும் சின்னம்மாவையும் என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கன்னியாப் பக்கம் ஓடினேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. பேரலை வந்த நாளில் ஒன்றையும் யோசிக்காமல் செய்த எனக்கு, அமைதியான ஒரு மாலையில் மூன்று கொப்பிகளைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. பெரிய ஆபத்தில் நாம் எல்லோரும் நல்லவர்கள்தான் என்று நினைக்கிறேன். சின்னச் சின்னத் தவறுகளோடு ஒருவர் வரும்போதுதான் நம்முடைய நியாயமெல்லாம் எழுந்து நிற்கிறது.

கொப்பிகள் சின்னம்மாவின் அலுமாரியில் அதே பையில் இருந்தன. வாங்கிக்கொண்டு வந்து அன்றிரவே பார்த்தேன். மேலே இருந்ததில் கடன் 50,000 ரூபாய். கிழமைக்கு 1,280 வீதம் 52 கிழமை. மொத்தம் 66,560 ரூபாய். ஐம்பதாயிரத்துக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம் வட்டி, 33 வீதம் என்று அவள் நினைத்திருக்கிறாள். கடன் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே அவள் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதம் போனதும் ஐம்பதாயிரத்தில் ஏறக்குறையப் பாதிதான் அவளிடம் இருக்கிறது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் ஓடுகிறது. மீதித் தொகைக்கு வட்டி என்று கணக்கிட்டால் அது ஆண்டுக்கு அறுபது வீதத்தை ஒட்டி வரும். மற்ற இரண்டு கொப்பிகளில் ஒன்று அதைவிட மோசம், ஒன்று கொஞ்சம் குறைவு. மோசமானதை முதலில் முடித்து, குறைவானதைத் தவணை தவறாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சங்கிலியை மீட்டு, கூட்டுறவுக் கிராமிய வங்கியில் குறைந்த வட்டிக்கு மாற்றி வைத்திருக்கலாம். ஒரு மாலை நேர வேலை. தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு தேநீர் ஆகியிருக்கும்.

அவள் என்ன செய்தாள் என்றால், முகவர் கொடுத்த முற்பணத்தை வாங்கி மூன்றையும் ஒரேயடியாகக் கட்டி முடித்துவிட்டு விமானம் ஏறினாள். அடுத்த வருடம், 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் இருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது, அவள் பெயரில் தள்ளுபடி செய்ய ஒன்றும் மீதி இருக்கவில்லை. அதை முன்கூட்டி அறிந்திருக்க யாராலும் முடியாது. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் வலிக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

யாராவது வந்து "பிழை விட்டுவிட்டேன்" என்றால், "ஏன் முதலில் கேட்கவில்லை" என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வந்து எந்தக் காரியமும் ஆகப்போவதில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை இன்னொரு நாள் சொல்லலாம், வந்த அன்று வேண்டாம். வந்தவர் எதற்காக வந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். நான் அவள் காசுக்கு வந்தாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பாதிப்பேர் காசுக்கு வருவதில்லை. கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்ல வேண்டும், அலுவலகத்துக்குக் கூட வர வேண்டும், வீட்டில் ஒருவரிடம் பேசி வைக்க வேண்டும், இப்படித்தான் இருக்கும். நம்மால் முடியாததாக இருந்தால் முடிந்தவர் யார் என்று யோசித்து, அவரிடம் நாமே அழைத்துக்கொண்டு போகலாம். "அங்கே போய்க் கேள்" என்று விரலை நீட்டுவதும் கிட்டத்தட்ட உன்பாடுதான்.

கடன் விஷயத்தில் மட்டும் சில கேள்விகளைப் பெண்கள் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா? எல்லாத் தவணையையும் கூட்டினால் எவ்வளவு? காப்புறுதி, ஆவணக் கட்டணம் என்று முதலிலேயே கழிப்பது எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு? ஒரு கிழமை தவறினால் என்ன? குழுவில் இன்னொருத்தி கட்டாவிட்டால் யார் கட்டுவது? இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தால் பாதி வீடுகள் தப்பும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சபை மண்டபத்து விறாந்தையில் ஒரு கணிப்பானோடு உட்காருகிறேன். சபையார் மட்டும் வருவதில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி பாலம் கடந்து பஸ்ஸில் வந்தார், கொப்பிகளைத் தொழுகைப் பாய்க்குள் சுற்றி வைத்திருந்தாராம், கணவர் காணாமல். சல்லியிலிருந்து என் அப்பாவோடு வலை இழுத்தவரின் மருமகள் வந்தாள். பெரும்பாலும் நான் காசு கொடுப்பதில்லை. பிணைக்குக் கையெழுத்தும் வைப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. குற்ற உணர்ச்சியில் நான் மறுபக்கத்துக்கும் ஒருமுறை சாய்ந்தேன். தங்கையின் மகன், என் மருமகன், சூதாட்டத்தில் விட்ட காசுக்காக வந்து நின்றபோது, பேசாமல் என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து முழுவதையும் கட்டினேன். அவன் தன்னுடைய ஆட்களிடம் போய்த் தவணை கேட்கவில்லை, வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டவில்லை. எட்டு மாதத்தில் மறுபடி வந்தான். அப்போதுதான் கலாத்தியர் 6 ஆம் அதிகாரத்தை நின்று வாசித்தேன். இரண்டாம் வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்றே வசனம் தள்ளி "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள், முதலாவது ஒருவனை நசுக்குகிற பளு, இரண்டாவது ஒருவன் தோளுக்கென்று அளந்த சுமை.

கரைவலையில் அப்பா இழுத்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது விளங்காமல் போகக் கூடாது. தோணி வலையை அரைவட்டமாக விட்டு வரும். இரண்டு கயிற்று முனையும் கரையில் இருக்கும். ஒவ்வொரு கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பைக் கொடுத்து இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி மணலில் நகர்ந்து வர வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணி, மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். ஒருவன் களைத்தால் பக்கத்தில் நிற்பவன் அவன் கையைத் தட்டிவிட்டுக் கயிற்றைப் பிடுங்குவதில்லை. கொஞ்சம் முன்னால் போய், அதே கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். களைத்தவன் கையும் கயிற்றிலேயே இருக்கும். மருமகனிடமிருந்து நான் கயிற்றைப் பிடுங்கிவிட்டேன். தங்கச்சியின், அதாவது சின்னம்மா மகளின், கயிற்றை நான் தொடவே இல்லை.

இப்போது மருமகனோடு மாதம் ஒருமுறை இருந்து கணக்குப் பார்க்கிறேன். கட்டுவது அவன். சில மாதம் கட்டுகிறான், சில மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முடிவு என்னவாகும் என்று சொல்லத் தெரியவில்லை, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி இரண்டு வருட ஒப்பந்தத்தை நீட்டினாள், சங்கிலி இன்னும் அடகில் இருந்தபடியால். அது முடியும்போது கொரோனா வந்தது. 2021 தொடக்கத்தில்தான் வீடு வந்து சேர்ந்தாள். மூன்றரை வருடம். மகள் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டாள். தாய் பின்னிவிட வந்தபோது, "எனக்கே பின்னத் தெரியும்" என்று சீப்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டதாகச் சின்னம்மா சொன்னார். அது சரியாவதற்குப் பல மாதம் எடுத்தது. அந்த நாட்களை எந்தக் கணக்கிலும் என்னால் எழுத முடியாது. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று சொல்கிறாள், நம்புகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே விறாந்தை. கையில் ஒரு தாள், தையல் இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு எடுப்பதற்கான ஒப்பந்தம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தங்கச்சி ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக் குடித்துக்கொண்டே, மற்றக் கையால் தாளை என் பக்கம் நகர்த்தி, நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

"இது முழுத் தொகைக்கான வட்டி அண்ணா. மீதிக்குத் தர மாட்டீர்களா என்று கேட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்."

தாளின் அடியில் கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. கணிப்பானை எடுத்து வரச் சொன்னேன்.